இலவத்தோடு ஏலத்தைச் சேர்த்தவன்

என் பாட்டில் பிழை இருந்தது. அந்தப் பிழையை ஒரு சிறுமியின் தலையில் கட்டினேன். தெரிந்தே கட்டினேன்.

சொல்லிவிட்டேன்! இனி நீங்கள் என்னை எப்படிப் பார்த்தாலும் சரி, முழுவதையும் கேட்டுவிட்டுப் பாருங்கள். ஏனென்றால் இந்தக் குற்றம் துயரத்தில் பிறக்கவில்லை... ஆனந்தத்தில் பிறந்தது.

தேவாரம் என்ற மலையடிவார ஊருக்கு அருகே ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியன். எனக்கு வாய்த்ததோ மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பு. பாதி வகுப்பு தூங்கும். மீதிப் பாதி, தூங்குகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கும். ஒரு நாள் வெறுத்துப்போய், வீட்டில் கிடந்த ஆர்மோனியத்தைப் பைக்கில் கட்டி எடுத்து வந்தேன்.

ஆகா, அந்த நாள்! ஒரே ஒரு சுரம்தான் பிடித்தேன். கடைசி பெஞ்சு விழித்துக்கொண்டது. டிபன் பாக்ஸ் மூடிகள் ஜால்ரா ஆயின. பெஞ்சுப் பலகை தவில் ஆனது. செரிமான மண்டலம் தெம்மாங்கில் இறங்கியது. ஒலியும் ஒளியும் கும்மியடித்தன. சத்தம் கேட்டுத் தலைமையாசிரியை விரைந்து வந்தார்.

"என்ன சார், கல்யாண வீடு மாதிரி இருக்கு?" என்றவர், பிள்ளைகளின் முகங்களைப் பார்த்தார். "நடத்துங்க, நடத்துங்க. தூங்காம இருக்குதுகளே, அதுவே போதும்."

பாட்டுகளை நான் மட்டும் எழுதவில்லை. எல்லோரும் சேர்ந்து எழுதினோம். விதைப் பாடம் வந்தபோது, அவரவர் வீட்டாரின் பிழைப்பிலிருந்து ஆளுக்கொரு பயிரைக் கொண்டுவரச் சொன்னேன். விதைக்குள் வித்திலை ஒன்றா, இரண்டா என்று பிரித்துப் பாடவேண்டும், அவ்வளவுதான். நெல் வந்தது, திராட்சை வந்தது, இலவம் வந்தது... ஒரே கூச்சல்!

அந்தக் கூச்சலில் எழுந்து நின்றவள்தான் மகாலட்சுமி. எட்டாம் வகுப்பு. அவள் தாய் தினமும் ஜீப்பில் மலையேறிக் கேரளப் பக்கத்து ஏலத்தோட்டத்தில் காய் பறிக்கப் போகிறவர்.

"சார், ஏலத்தைப் போடுங்க சார்! எங்கம்மா அங்கனதான் வேலைக்குப் போறாக. பாட்டுல வந்துச்சுன்னா வீட்ல பாடிக் காட்டுவேன்."

போட்டேன். எங்கே போட்டேன்?

"நெல்லும் சோளமும் தென்னையும் வாழையும்
ஒற்றை வித்திலைக் கூட்டமடா!"

நியாயப்படி ஏலம் இங்கேதான் சேரவேண்டும். அதுவும் வாழையைப் போல ஒருவித்திலைதான். எனக்குத் தெரியாதா? தெரியும்! ஆனால் அந்த அடியில் இடமில்லை. திணித்தால் தாளம் நொண்டியது. அடுத்த அடியிலோ...

"இலவம் ஏலம் அவரை துவரை
எல்லாம் இரட்டை வித்திலையே!"

எப்படி வந்து விழுந்தது பார்த்தீர்களா! வாயில் தித்தித்தது. வகுப்பே துள்ளியது. நாளைக்குத் திருத்திக்கொள்ளலாம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மறுநாளைக்குள் பாட்டு தெருவுக்குப் போய்விட்டது! அந்த வாரமே மகாவின் தாய் பள்ளிக்கு வந்தார்.

"ஜீப்பு பூராம் இந்தப் பாட்டுத்தான் சார். பொம்பளையாளுக எல்லாரும் கைதட்டிப் பாடுறாக. மலையேறுற அலுப்பே தெரியல" என்று சொல்லிச் சிரித்தார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மலைப்பாதையில் ஒரு ஜீப்பே என் பாட்டைப் பாடுகிறது! அந்த மகிழ்ச்சியில் எவன் பிழை திருத்துவான்? நான் திருத்தவில்லை.

பிறகு பெரியகுளத்தில் பள்ளிகளுக்கிடையே வினாடி வினா. எங்கள் குழுவுக்கு மகாதான் தலைவி. கடைசிக் கேள்வி வரை இரு பள்ளிகள் சமம். நடுவர் கேட்டார்: "ஏலக்காய்ச் செடி ஒருவித்திலையா, இருவித்திலையா?"

மகாவின் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். அவளுடைய ஏலம் அல்லவா! மேசையில் விரலால் தாளம் தட்டி, உதட்டுக்குள் பாடிப் பார்த்துவிட்டு, கணீரென்று சொன்னாள்: "இருவித்திலை சார்!"

தவறு என்றார் நடுவர். கோப்பை அடுத்த மேசைக்குப் போனது.

மகா நேராக என்னிடம் வந்தாள். "சார், நம்ம பாட்டுல அப்படித்தான..."

முடிக்க விட்டேனா? பக்கத்தில் வேறு பள்ளி ஆசிரியர்கள் நின்றிருந்தார்கள். என்னைப் 'பாட்டு வாத்தியார்' என்று கொண்டாடியவர்கள். என் நாக்கு முந்திக்கொண்டது.

"இல்லத்தா. ஏலம் வாழையோடதான வரும்? பதட்டத்துல மாத்திப் பாடிட்ட."

என்னையே பார்த்தாள். மெல்லத் தலையசைத்தாள். "ஆமா சார்... மாத்திட்டேன் போல."

தன் காதை நம்பாமல் என்னை நம்பினாள்! அதற்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? அடுத்த வகுப்பிலேயே மெட்டை மாற்றினேன். அடிகளைக் கலைத்துப் போட்டு, ஏலத்தை வாழைக்குப் பக்கத்தில் குடியேற்றினேன். "புது மெட்டுடா!" என்று வகுப்பு கொட்டமடித்தது. எது எங்கிருந்து நகர்ந்தது என்று யார் கவனித்தார்கள்? மகா மட்டும் அன்று கொஞ்சம் மெதுவாகத் தாளம் தட்டினாள்... அல்லது எனக்குத்தான் அப்படித் தோன்றியதா?

இன்றும் பாடுகிறோம். பாடத்துக்கொரு பாட்டு கட்டுகிறோம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் நாளிலேயே இன்பமான பொழுது அந்த மதிய வகுப்புதான்! குற்றம் செய்தவனுக்கு இவ்வளவு சந்தோஷம் தகுமா? தெரியவில்லை... ஆனால் இருக்கிறதே!

போன மாதம் மகா எங்களைப் பார்க்க வந்தாள். இப்போது மேல்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். தெருப் பிள்ளைகளுக்கு அவளே பாட்டு கட்டிப் பாடம் சொல்லித் தருகிறாளாம்! ஆறாம் வகுப்பின் நடுவே நின்று புதிதாக ஒன்றைப் பாடினாள்; நான் ஆர்மோனியம் வாசித்தேன். பிள்ளைகள் அவளை விடவே இல்லை.

கிளம்பும்போது வராந்தாவில் தயங்கி நின்றாள்.

"சார், ஒண்ணு சொல்லணும். அன்னிக்குப் பெரியகுளத்துல என்னாலதான கப்பு போச்சு? இம்புட்டு நாளா சொல்லக் கூச்சமா இருந்துச்சு. மன்னிச்சிருங்க சார்."

ஒரே ஒரு வாக்கியம்... அப்போதாவது சொல்லியிருக்கலாம்! வாயைத் திறந்தேன்.

"அட, விடுத்தா. அதையெல்லாம் நான் எப்பவோ மறந்துட்டேன்" என்றேன்.

அவள் முகம் எவ்வளவு இலேசாகிவிட்டது தெரியுமா! சிரித்துக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடினாள்.

நான் அவளை மன்னித்துவிட்டேன்... கேட்டீர்களா? நான், அவளை, மன்னித்துவிட்டேன்!