காத்தாயி தட்டிய கதவு

வடக்கனந்தல் பக்கத்து நடவு ஆட்களில் மணிமொழிக்கு எப்போதும் வரிசையின் நடுவில்தான் இடம். வேகமாக நடுகிறாள் என்பதற்காக இல்லை, நடவில் அவள் சுமார்தான். நடுவில் நின்றால்தான் அவள் சொல்லும் கதை இரண்டு கோடிக்கும் கேட்கும். மற்றவர்களுக்கு நடவுப் பாட்டு என்றால் இந்தக் கூட்டத்துக்குக் கதை. "கதக்கார பொம்பள வருதா?" என்று கேட்டுவிட்டுத்தான் வயல்காரர் ரிஷிவந்தியம் கந்தசாமி ஆள் பேசுவார். கதை ஓடினால் வேலையும் ஓடும் என்பது அவருக்குத் தெரியும்.

கதை என்றால் பெரும்பாலும் ஒரே கதைதான். 'கரம்புக்காடு' என்ற நாவல். ஒன்பது வருஷத்துக்கு முன் கள்ளக்குறிச்சியில் பழைய பேப்பர் கடையில் கிடைத்தது. காத்தாயி என்ற நடவுக்காரியின் மகள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு போய்விடுகிறாள். இனி அவள் முகத்தில் விழிப்பதில்லை என்று ஊரார் முன் சொல்லிவிட்டுத் தாய் உள்ளுக்குள் தவிக்கிறாள். பத்தாவது வரை படித்த மணிமொழி அதை எத்தனை தரம் படித்தாள் என்று அவளுக்கே தெரியாது. எழுதியவர் சேற்றில் கால் வைத்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று அடித்துச் சொல்வாள்.

அதில் ஒரு வில்லங்கம் இருந்தது. புத்தகத்தில் கடைசிப் பக்கங்கள் இல்லை. போண்டா மடிக்க யாரோ கிழித்திருக்க வேண்டும். மகள் வீட்டு வாசலில் காத்தாயி போய் நிற்பதோடு கதை அறுந்துவிடுகிறது. பத்துப் பதினோரு பெண்கள் கையில் நாற்றுடன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது பக்கம் இல்லை என்று எந்த முகத்தோடு சொல்வது? மணிமொழி தானாகவே காத்தாயியைக் கதவைத் தட்ட வைத்து, தாயையும் மகளையும் சேர்த்தும் வைத்துவிட்டாள். கூட்டமே மூக்கைச் சிந்தியது. அதன் பிறகு வருஷா வருஷம் அந்த முடிவைத்தான் கேட்டார்கள். அதே புத்தகம் கிழியாமல் வேறெங்காவது கிடைக்குமா என்று அவளும் தேடவில்லை. தேடப் பயமாக இருந்தது.

இந்த வருஷம் அந்த நாவல் படமாக வந்துவிட்டது. நடவு ஆட்களைச் சேர்த்துக் கூட்டிப்போகும் இருசம்மாளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "நம்ம கதடி! எல்லாரும் ஞாயித்துக்கெழம மேட்னிக்குப் போறோம்" என்று முடிவே பண்ணிவிட்டாள். மணிமொழிக்கோ பழைய பயம் திரும்பி வந்தது. படத்தின் முடிவு வேறாக இருந்தால், இத்தனை வருஷம் சொன்னவளை யார் நம்புவார்கள்?

ஆனால் கள்ளக்குறிச்சி தியேட்டரில் விளக்கணைந்த பத்தாவது நிமிஷம் பயம் அவளை விட்டுப் போனது. படங்களில் கதாநாயகிகள் நாற்றை நட்டுவிட்டு முன்னால் நடப்பார்கள். நட்டதையெல்லாம் மிதித்துக்கொண்டு போகும் கூத்தைப் பார்த்து இவர்கள் வயிறு வலிக்கச் சிரித்ததுண்டு. இந்த நடிகை பின்னால் நகர்ந்தாள். கட்டை விரலால் வேரை அழுத்தினாள். "நெசமாவே நட்டுக்கினு கீறாடி" என்று பின்வரிசையிலிருந்து ஒருத்தி சத்தம் போட்டாள். படத்துக் காத்தாயி பஸ்ஸில் போகும்போதுகூட அவள் நக இடுக்கில் சேறு காய்ந்திருந்தது. நாவலில் காத்தாயிக்கு முன்பல் எடுப்பு. படத்தில் அது இல்லை. மணிமொழிக்கு அது ஒன்றுதான் குறை. மகளைத் தேடிப் போகும் வழியில் காத்தாயி நினைப்பதெல்லாம் புத்தகத்தில் ஆறு பக்கம் வரும். இந்த நடிகை பஸ் டிக்கெட்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். ஆறு பக்கமும் மணிமொழிக்குக் கேட்டது. எப்பேர்ப்பட்ட ஆள் எடுத்த படம் என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது.

கடைசியில் காத்தாயி வாசலில் நின்றாள். உள்ளே பேரப்பிள்ளை சிரிக்கும் சத்தம். கையை உயர்த்தினாள். தட்டாமல் திரும்பி நடந்தாள். படம் முடிந்தது.

மணிமொழி அப்படியே உட்கார்ந்திருந்தாள். இதுதான் சரி என்று அவள் மனசுக்குப் பட்டது. வீம்பு பிடித்த மனுஷி அப்படித்தான் திரும்புவாள். தான் ஒட்டவைத்த முடிவு அதன் பக்கத்தில் சப்பென்று இருந்தது.

பஸ்ஸில் ஏறியதும் இருசம்மாள் பிடித்துக்கொண்டாள். "படமாடி எடுத்து வச்சிக்கீறான்? தட்டாம வந்துட்டாளே! புஸ்தகத்துல இருந்தத ஒழுங்கா எடுக்கத் தெரில." மற்றவர்களும் சேர்ந்துகொண்டு திட்டினார்கள். அவர்கள் திட்டத் திட்ட மணிமொழிக்கு உடம்பு கூசியது. வாயை மூடிக்கொண்டு வந்தால் அவள் பெயர் நிலைக்கும். ஆனால் அப்பேர்ப்பட்ட படத்துக்கு இந்தப் பழி வருவதை அவளால் பொறுக்க முடியவில்லை.

"படத்த திட்டாதீங்கக்கா. அவங்க சரியாத்தான் எடுத்துக்கீறாங்க. எங்கிட்ட கடசி பக்கமே இல்ல. தட்டுனான்னு நானாத்தான் சொன்னேன்."

"ஒம்போது வருஷமா எங்கள ஏமாத்திக்கினு இருந்தியா?" என்று ஒருத்தி முணுமுணுத்தாள். இருசம்மாள் மட்டும் அவளையே பார்த்தாள்.

"அப்போ தட்டச் சொன்னது நீயா?"

"நாந்தான்க்கா."

இருசம்மாளின் மகள் தனுஷாவும் விரும்பினவனைக் கட்டிக்கொண்டு தியாகதுருகம் போனவள். நாலு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்து, ஒருநாள் இருசம்மாள் தானாகப் போய் அழைத்து வந்தாள். எப்படி மனசு மாறினாள் என்று ஊரில் யாருக்கும் தெரியாது.

"நானும் அவ வூட்டு வாசல்ல அப்படித்தான்டி நின்னேன்" என்றாள் இருசம்மாள். "கை எழும்பல. திரும்பி ரெண்டு எட்டு வச்சிட்டேன். காத்தாயியே தட்னாளே, நமக்கு இன்னான்னு மறுபடி போய்த் தட்னேன். கதவு தெறந்ததும் பேச்சு வரல. நீ காத்தாயிய சொல்ல வப்பியே, அதத்தான் சொன்னேன். பசிக்குதுடி, சோறு போடுன்னு."

மணிமொழி கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு, யார் பார்க்கிறார்கள் என்றுகூட யோசிக்காமல் அழுதாள்.

"படம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் இருசம்மாள், அவள் முதுகில் கை வைத்து. "அவ திரும்பிப் போறத என்னாலதான் பாக்க முடியல."