வீடு கூடக் கூடச் செலவு குறையும்

"ஆயிரம் வீடு சேந்தாலும் தண்ணித் தாங்கி ஒண்டுதான், பம்பு ஒண்டுதான். வீடு கூடக் கூட ஆளுக்கு விழுற செலவு குறையும்." எழுபத்தெட்டுச் சூறாவளிக்குப் பிந்திய வருடங்களில் கல்முனைப் பக்கம் எத்தனை வளவுக்குள் நின்று இதை ஓதியிருப்பேன்! குழாய்த் தண்ணீருக்கு வீடு வீடாக ஆள் சேர்ப்பதுதான் என் உத்தியோகம். சேராதவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊரின் செலவைக் கூட்டுகிறவர்கள் என்று ஏசுவேன். முன்வீட்டு ராத்தா, தெருவுக்கே அக்கா மாதிரி, புருஷன் மௌத்தாகி விதவையாய்த் தனியாக இருந்தவர், கடைசிவரை கையெழுத்து வைக்கவில்லை. "கிணத்தையே கட்டிப் புடிச்சிட்டுக் கிடங்க ராத்தா!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தியிருக்கிறேன்.

எங்கள் ஊரில் மகளைக் கட்டிக் கொடுப்பதென்றால் வீடும் கொடுக்க வேண்டும். வீட்டைச் சுற்றிய வளவைத் துண்டு போட்டுத்தான் அதைக் கட்டுவோம். என் மகளுக்குச் சம்பந்தம் சரிவந்தபோது மிஞ்சிய துண்டின் நடுவே கிணறு இருந்தது. மூடினால் போச்சு என்றேன். மனைவி மறித்தாள்.

"இஞ்சேருங்க, கிணறு வத்தினா ஒரு வீடுதான் தவிக்கும். உங்கட பம்பு நிண்டா ஊரே தவிக்கும். அந்தக் கணக்கயும் பாத்தீங்களா?"

"ஓம் ஓம், படிச்ச ஆக்களுக்கு நீதான் கணக்குச் சொல்லிக் குடு."

சூறாவளியில் விழுந்த மதிலின் கற்களைக் கொட்டிக் கிணற்றை நிரப்பினேன். அதன்மேல் மகள் வீட்டு ஹோல், அந்தப் பெரிய முன்கூடம், எழும்பியது. என்னைப் பார்த்துத் தெருவில் மற்றவர்களும் மூடினார்கள்.

பிறகு சண்டையும் குழப்பமுமான காலம் வந்தது. பம்பு இருந்தது ஊருக்கு வெளியே, வயல் பக்கம். ஒரு நாள் அங்கே வெடிச்சத்தம் கேட்டது. மின்சாரம் போனது, பம்புக்காரரும் அந்தப் பக்கம் போகவில்லை. குழாயைத் திறந்தேன். காற்று மட்டும் சீறியது. மறுநாள் அந்தச் சீறலும் இல்லை.

முழுத் தெருவும் ராத்தாவின் கிணற்றுக்குப் போனது. அந்த மனிசி ஒரு சொல் குத்திக் கதைக்கவில்லை. எல்லாருக்கும் கிடைக்க வேண்டுமென்று வீட்டுக்கு நாளுக்கு இரண்டு வாளி தந்தார். எங்கள் இரண்டையும் மனைவி, பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த மகளுக்கும் எனக்கும் வைத்தாள். தான் குடித்தது கடற்கரையில் சனங்கள் தோண்டிய குழித் தண்ணீர். எனக்குத் தெரியாது. படுபாவி, நான் கேட்கவுமில்லை. வயிற்றோட்டம் பிடித்தபோது ஆஸ்பத்திரிக்குப் போக எந்த வாகனக்காரரும் துணியவில்லை. மூன்றாம் நாள் மௌத்தானாள்.

மய்யித்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் தர ராத்தா அளவு பார்க்கவில்லை. நானே இறைத்துச் சுமந்தேன். ஊரே இறைத்த கிணறு. தண்ணீர் கலங்கி, உப்புக் கரித்தது. மகளின் ஹோலில்தான் அவளைக் கிடத்தியிருந்தார்கள். அங்கேதான் இடம் இருந்தது. சரியாக எங்கள் கிணறு இருந்த இடம். கதவுக்கு வெளியே நின்று, தண்ணீர் ஊற்றும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ராத்தா கதவை நீக்கி எட்டிப் பார்த்தார். "தம்பி, இன்னும் ஒரு வாளி வேணும்."

நான் வாளியைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து ஓடினேன்.