எல்லாம் பச்சை என்று நம்பிய நாள்

மூன்று வருடங்களுக்கு முன், மழை விட்டிருந்த ஒரு கார்த்திகை மாதக் காலையில் கல்வராயன் மலையில் நடந்தது இது.

சென்னையில் எட்டு வருடம் மென்பொருள் வேலை பார்த்துவிட்டு, கள்ளக்குறிச்சியில் ஏழு பேர் கொண்ட ஒரு சிறிய நிறுவனத்தில் குழுத் தலைவியாகச் சேர்ந்திருந்தேன். மலைக் கிராமங்களுக்கு மருத்துவ வேன் அனுப்பும் ஒரு தொண்டு அமைப்புக்காகச் செயலி ஒன்றைத் தயார் செய்துகொண்டிருந்தோம். வீடு வீடாகப் போகும் நர்ஸ், கர்ப்பிணிகளின் ரத்த அழுத்தத்தை போனில் பதிவு செய்வார். அளவு ஆபத்தாக இருந்தால் டாக்டருக்கும் வேன் டிரைவருக்கும் எச்சரிக்கை போகும். சிக்னல் இல்லாத இடமென்றால் தகவல் போனிலேயே காத்திருந்து, சிக்னல் வந்ததும் தானாகப் போய்விடும்.

இப்படி ஒரு செயலியைக் கொடுப்பதற்கு முன் நன்றாகச் சோதிக்க வேண்டும். அதற்கென்றே டெஸ்டிங் லைப்ரரிகள் என்ற ஆயத்த மென்பொருள் தொகுப்புகள் இருக்கின்றன. எதை எடுப்பது என்று முடிவு செய்வது என் பொறுப்பு. என் முன்னால் இரண்டு இருந்தன. ஒன்று, கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு போன் இருப்பதுபோல் பாவித்துக்கொண்டு சோதிக்கும். ஒரே நிமிடத்தில் முடிவு வந்துவிடும். இன்னொன்று, நிஜ போனை இணைத்து, அதில் பட்டன்களைத் தட்டித் தட்டிப் பார்க்கும். அரை மணி நேரம் பிடிக்கும், நடுவில் தகராறும் செய்யும்.

எங்கள் குழுவில் ஒருவர், சங்கராபுரத்தில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்துவிட்டு, தானாகவே படித்து இந்த வேலைக்கு வந்தவர். என்னைவிட வயதில் பெரியவர். கூட்டத்தில் அவர் மட்டும் சொன்னார்: "எல்லா போனும் ஒரே மாதிரி இருக்காதுங்க மேடம். பழசானா அது இன்னா பண்ணும்னே சொல்ல முடியாது. லேட்டானாலும் நிஜ போன்லயே ஓட்டிப் பாத்துடலாங்க."

"கடை பழக்கம் இன்னும் உங்கள விடலியா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவைத்தார். நான் வேகமானதையே எடுத்தேன். இருநூற்றுச் சொச்சம் சோதனைகள் எழுதினோம், அத்தனையும் தேறி, திரையில் பச்சைக் குறி காட்டின. அந்தத் திரையைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முதல் நாள் பயன்பாட்டைப் பார்க்க நானே மலைக்குப் போனேன். வெள்ளிமலையில் வேனும் டிரைவரும் நிற்க, நர்ஸின் ஸ்கூட்டியில் அவருடன் குக்கிராமங்களுக்குக் கிளம்பினேன். அவரும் என் வயதுக்காரர்தான். மேட்டிலும் சேற்றிலும் வண்டியை அனாயாசமாக ஓட்டினார்.

இரண்டாவது ஊரில் ஒரு கர்ப்பிணிப் பெண். எட்டாம் மாதம். கால் இரண்டும் வீங்கியிருந்தன. ரத்த அழுத்தத்தைப் பார்த்ததும் நர்ஸின் முகம் மாறியது. செயலியில் பதிவு செய்தார். அந்த ஊரில் சிக்னல் கிடையாது.

"மேல ஏறிப் போனா ஒரு வளைவுல சிக்னல் கெடைக்குங்க. டாக்டருக்கு ஒரு போன் போட்டுட்டு வந்துடட்டுமா?" என்று கேட்டார்.

"வேணாங்க, போற வழியில எங்கயாவது லேசா சிக்னல் பட்டாலே போதும், அதுவே போயிடும். ஒடனே வேன் கெளம்பிடும் பாருங்க" என்றேன். அவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன். அவரும் நம்பினார். அந்தப் பெண்ணைப் படுக்கச் சொல்லி, டாக்டருக்குச் சேதி போய்விடும், வேன் வரும் என்று அவள் கணவரிடமும் சொல்லிவிட்டு, அடுத்த ஊரில் மீதிப் பேரைப் பார்க்கப் போனோம்.

ஒரு மணி நேரம் கழித்து அந்த வளைவுக்கு வந்தபோது, நர்ஸ் வண்டியை நிறுத்தி டாக்டரை அழைத்தார். பேசிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஒண்ணும் வரலியாமே" என்றார்.

போனை வாங்கிப் பார்த்தேன். செயலியில் அந்தப் பெண்ணின் பதிவே இல்லை. பிறகுதான் விளங்கியது. அது பழைய போன். நினைவகத்தில் இடம் போதாதபோது, பின்னணியில் ஓடும் செயலிகளைத் தானே மூடிவிடும். எங்கள் செயலியை அது மூடியபோது, காத்திருந்த தகவலும் அதோடு போய்விட்டது. கம்ப்யூட்டருக்குள் நாங்கள் பாவித்த போன் ஒரு தடவைகூட அப்படிச் செய்ததில்லை.

டாக்டர் உடனே வேனை அனுப்பினார். நாங்கள் ஸ்கூட்டியைத் திருப்பினோம். போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண் சுவரில் சாய்ந்து கண்களைக் கசக்கிக்கொண்டிருந்தாள். "தல வெடிக்குது. எதிர்ல இருக்கறது மங்கலாத் தெரியுது" என்றாள். அவள் கணவர் என்னிடம், "டாக்டருக்குச் சேதி போயிடும்னீங்களே?" என்றார். கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். வேன் வந்ததும் அவளைத் தாங்கிப் பிடித்து ஏற்றினேன்.

மலைப்பாதை முழுக்க வேனில் அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பிளந்த பாறைகளும் வளைவுகளும் முடியவே முடியாதுபோல் இருந்தன. கீழே ஆஸ்பத்திரியில் சேர்த்த பின் டாக்டர், இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் வலிப்பு வந்திருக்கும் என்றார். இரண்டாம் நாள் பெண் குழந்தை பிறந்தது. இருவரும் பிழைத்தார்கள்.

சேர்த்த அன்றே ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். தப்பு என்னுடையது என்றேன்.

"சிக்னல் போறதும் போன் சொதப்பறதும் எங்களுக்குத் தெனம் நடக்கறதுங்க. டெஸ்ட் பண்ணம்போது அதெல்லாம் பாக்கலியா?" என்றார்.

மறுநாள் அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும், செல்போன் கடை வைத்திருந்த அந்தச் சகாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "அத வுடுங்க மேடம், வேலையப் பாப்போம்" என்று தன் பையைத் திறந்தார். உள்ளே ஐந்து பழைய போன்கள். விஷயம் கேள்விப்பட்டு வீட்டிலிருந்து கொண்டு வந்திருந்தார். இரண்டாவது லைப்ரரியை அவற்றோடு இணைத்தோம். வேண்டுமென்றே சிக்னலை வெட்டினோம், செயலியைப் பாதியில் மூடினோம், பேட்டரியைத் தீர்த்தோம். முதல் நாளே பதினொரு சோதனைகள் தோற்றன. இரண்டு வாரத்தில் எல்லாவற்றையும் சரி செய்து, நர்ஸ் கையில் கொடுத்து, அவரையே ஓட்டிப் பார்க்கச் சொன்னோம். அதற்குப் பிறகு ஒரு பதிவும் தொலைந்ததில்லை. சின்னச் சின்னக் கணக்குகளைச் சோதிக்க அந்த வேகமான லைப்ரரியையும் வைத்துக்கொண்டோம். அதன்மேல் எந்தக் குற்றமும் இல்லை, அதனிடம் எதைக் கேட்பது என்று எனக்குத்தான் தெரியவில்லை.

இப்போதும் எந்த லைப்ரரி என்று யாராவது கேட்டால் தயங்காமல்தான் பதில் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால், நாம் செய்வது தவறினால் அதைத் தாங்கப் போகிறவர் யார், எங்கே இருக்கிறார் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் வாயைத் திறப்பதில்லை.