எந்த வெளிக்கிடல்?

“…இல்லைத் தலைவர், ‘வெளிக்கிட்டிட்டம்’ எண்டால் உடுப்புப் போடத் தொடங்கியாச்சு எண்டோ, அறையை விட்டு வெளியாலை வந்தாச்சு எண்டோ? அதை மட்டும் சொல்லுங்கோ” என்று பத்மா அக்கா தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தார். பஸ்ஸின் முன் ஆசனத்தில் அவர், ஸ்டியரிங்கில் நான். ஸ்பெயின் கடற்கரையில் ஒரு ஹொட்டேல் வாசலில், ஆட்களை ஏற்றிக்கொண்டு நகராமல் நின்றோம்.

நான் ஜேர்மனியில் சுற்றுலாப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். எங்கள் யாழ்ப்பாணப் பேச்சில் உடுத்துவதும் வெளிக்கிடுவதுதான், புறப்படுவதும் வெளிக்கிடுவதுதான். இந்த இரண்டுக்கும் இடையில் ஒரு பஸ் எவ்வளவு டீசல் குடிக்கும் என்று அகராதி போட்டவர்களுக்குத் தெரியாது. என்னோடு மாறி மாறி ஓட்டிய ஊவே ஜேர்மன்காரன். முதல் நாள் அவன் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டபோது, “‘வழியில் வந்துகொண்டிருக்கிறோம்’ என்று அர்த்தம்” என்றேன். மூன்றாம் நாள் அவனே திருத்தினான்: “இல்லை. ‘குளிக்கப் போகிறோம்’ என்று அர்த்தம்.” இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: ‘வெளிக்கிட்டாச்சு’ என்று கேட்டவுடன் என்ஜினைப் போடாதீர்கள். எந்த வெளிக்கிடல் என்று கேளுங்கள்.

ஜேர்மனியின் ஹம் நகரில் உள்ள எங்கள் ஆட்களின் சங்கம் ஒன்று அந்த விடுமுறைக்கு எங்கள் பஸ்ஸைப் பிடித்திருந்தது. தலைவர் கனகராசா அண்ணையே ரைசலைட்டர். குழுவை நடத்துகிறவருக்கு எங்கள் தொழிலில் அதுதான் பெயர். அவர் ‘போகலாம்’ என்று சொல்லாமல் சாரதி பஸ்ஸை எடுக்கக்கூடாது. அண்ணைக்கு மைக் என்றால் உயிர். மலையும் கடலும் ஒட்டிக்கிடக்கும் வளைவுப் பாதையில், “வலப்பக்கம் பாருங்கோ, அருமையான காட்சி” என்பார். அதற்குள் பஸ் சுரங்கத்துக்குள் போயிருக்கும். பார்க்கவும் ஆளில்லை. போன் திரையில் வெயில் அடிக்கிறதென்று எல்லோரும் திரைச்சீலையை இழுத்துவிட்டு நாடகத்தொடர் பார்த்தார்கள். காட்சி முனைகளில் இறங்கினால் கடலுக்கு முதுகைக் காட்டிப் படம், பிறகு இடியப்பப் பெட்டி. கடலைத் திரும்பிப் பார்த்த ஒன்றிரண்டு பேரும், “இது எங்கடை ஊர்க் கீரிமலைக் கடல் மாதிரித்தான் கிடக்கு” என்றார்கள்.

“அப்ப கீரிமலைக்கே போயிருக்கலாமே. ஏன் இவ்வளவு தூரம் பஸ்ஸிலை குலுங்கினனீங்கள்?” என்றார் பத்மா அக்கா. எனக்கு நல்ல பேச்சு என்றால் சீனி மாதிரி. அன்றிலிருந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் முதியோர் இல்லமொன்றில் துப்புரவு வேலை செய்தவர். அங்கே ஓர் அறையில், சுவரில் ஒரு படம். படகின் கம்பியைப் பிடித்தபடி அந்த அறைக்காரி. பின்னால் நடுவில் ஓட்டை விழுந்த பெரிய பாறை. “வேலைக்குப் போற நாளெல்லாம் அந்தக் கண்ணாடியைத் துடைச்சனான், தம்பி. அந்த மனிசி, ‘நீயும் ஒருக்கால் போ’ எண்டு சொல்லிக்கொண்டே இருந்தா. எனக்கும் அந்தப் பாறைக்கு முன்னாலை ஒரு படம் வேணும். அதுக்குத்தான் வந்தனான், இடியப்பம் தின்ன இல்லை.”

அந்தப் பாறைக்குப் போகும் படகு காற்றினால் இரண்டு நாள் ஓடவில்லை. ஹொட்டேல் வாசலில் காத்து நின்ற அன்றுதான் கடல் அடங்கியது. காலையில் ஒரே ஒரு ஓட்டம். மத்தியானம் நாங்கள் ஹம்முக்குத் திரும்புகிறோம்.

போனை வைத்த பத்மா அக்கா சொன்னார்: “தலைவற்றை மனிசிக்குச் சாறி மடிப்பு சரிவரேல்லையாம். அவர் படகிலை நிண்டு பேசப் போறாராம். கோட்டுக்கு ஏத்த கழுத்து ரை தேடுறாராம்.”

“தலைவர் இல்லாமல் எப்பிடிப் போறது, அக்கா? கோவிப்பார்” என்றது பின்னால் ஒரு குரல்.

அக்கா எழுந்து பின்பக்கம் திரும்பினார். “விடிய ஐஞ்சு மணிக்குப் பக்டரியிலை வரவு அட்டை அடிக்கிற ஆக்கள்தானே நீங்கள் எல்லாரும். முதலாளிக்கு ஒரு நாளாவது ‘வெளிக்கிட்டிட்டன்’ எண்டு சொன்னனீங்களே? வெள்ளைக்காரனுக்கு எண்டால் நேரம். எங்கடை ஆக்களுக்கு எண்டால் மரியாதை. அப்பிடித்தானே?”

ஒருவர் இடியப்பப் பெட்டியை மூடினார்.

“தம்பி, எடுமன் பஸ்ஸை.”

“ஏலாது அக்கா. அவர் சொல்ல வேணும்.”

“சரி. உம்மடை வேலைக்கு வினை வேண்டாம். கதவைத் திறவும்.”

எதிரே தரிப்பிடத்தில் ஊர் பஸ் வந்து நின்றது. அக்கா கைப்பையைத் தோளில் மாட்டி, தெருவைக் கடந்து, அந்தச் சாரதியிடம் கையை அலைபோல ஆட்டிப் படகு காட்டினார். அவன் தலையாட்டினான். என் கண்ணாடியில் பார்த்தேன்: இடியப்பப் பெட்டிக்காரர் இறங்கினார். பிறகு அவர் மனைவி. பிறகு பாதி பஸ் இறங்கி ஓடியது. மிச்சப் பாதி, தலைவர் கோவிக்கக்கூடாதென்று, திரைச்சீலைக்குள்ளேயே இருந்தது.

கனகராசா அண்ணை வந்தபோது படகு நேரம் கடந்துவிட்டது. கோட்டும் ரையும் பிரமாதம். காலி ஆசனங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

“பத்மா, எங்கை நிக்கிறியள்? நாங்கள் எல்லாம் ரெடி.”

அந்தப் பக்கம் படகு என்ஜின் இரைந்தது.

“நாங்கள் வெளிக்கிட்டிட்டம், தலைவர்” என்றார் பத்மா அக்கா. பிறகு யாரிடமோ, “பிள்ளை, படத்திலை பாறை முழுக்க விழுகுதோ பார்” என்று சொல்லிவிட்டு, போனை நிறுத்தினார்.