அண்ணனின் முதுகு

தம்பி மகன் புதுக் கேமரா வாங்கி வந்திருக்கிறான். "இதுல எடுத்தா ஈயோட காலுகூடத் தெரியும் அத்தை" என்றான். ஈயின் காலைப் பார்த்து எனக்கு என்ன ஆகப்போகிறது, சொல்லுங்கள். ஆனால் அதன் தோல் உறையைத் திறந்ததும் ஒரு வாசனை வந்தது. அதோடு ஒட்டிக்கொண்டு முகப்பவுடர் வாசனையும் ஞாபகம் வந்தது. பவுடர் வந்தால் பின்னாலேயே அண்ணன் வந்துவிடுவான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மிஷன் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்த புதிது. ஊரில் படம் பிடிக்கிறவர் ஒருவர் இருந்தார். மரப்பெட்டிக்காரர் என்போம். அவர் கேமரா அவரைவிடக் கிழடு. அதன் மடிப்புத் துருத்தியில் குடைத்துணி ஒட்டுப் போட்டிருக்கும். எங்கள் சபையில் அறுப்புப் பண்டிகைக்கு அசனம் நடக்கும். எல்லாரும் தரையில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவோம். அவர் பெட்டியை முக்காலியில் நிறுத்திவிட்டு ஊர்வம்பு பேசிக்கொண்டிருப்பார். நாங்கள் அவரை மறந்த நேரம் பார்த்து மூடியைக் கழற்றுவார். அந்த வருஷப் படத்தில் எனக்குப் புளியங்காய் கடித்த மூஞ்சி. அவர் என்ன செய்வார் பாவம், இருப்பதுதானே விழும்.

அண்ணன் அதில் சோற்று வாளியோடு முதுகைக் காட்டி நிற்கிறான். மடித்துக்கட்டிய வேட்டி, ஒருபக்கம் சாய்ந்த தோள். யாரையோ கேலி செய்கிறான் என்று முதுகிலேயே தெரியும்.

அம்மா சண்டைக்குப் போய்விட்டாள். "எம்புள்ள மொகத்த விட்டுட்டு முதுக எடுத்திருக்கியளே?"

"மொகத்த நாளைக்குக்கூட எடுத்துக்கிடலாம் தாயி. இந்த நிப்பு திரும்ப வருமா?" என்றார் அவர்.

அது உலகச் சண்டைக்காலம். அண்ணன் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். போகுமுன் ஒரு படம் வேண்டுமென்று அம்மா அழுதாள். "மரப்பெட்டிக்காரர் எடுத்தா முதுகுதாம்மா வரும். ராஜபாளையத்துல சீமைக் கேமரா வந்திருக்காம்" என்று சிரித்தான் அண்ணன். மூவரும் பஸ் ஏறினோம்.

அந்த ஸ்டூடியோவில் கேமராவுக்கே பட்டுத்துணி போர்த்தியிருந்தார்கள். "கறுப்பு மொகம் எடுபடாது" என்று கடைக்காரர் அண்ணன் முகத்தில் பவுடரை அப்பினார். இரவல் கோட்டு மாட்டினார். மூச்சை அடக்கச் சொன்னார். அண்ணனுக்குச் சிரிப்பு முட்டியது. "கதலொத்து, கதலொத்து!" என்று அவர் அசையாதிருக்கச் சொல்லித் தெலுங்கில் கத்தவும், சிரிப்பை விழுங்கி விறைத்து நின்றான். அந்த நேரத்தில்தான் எடுத்தார்.

படம் வந்தபோது அவன் கப்பலேறியிருந்தான். அடடா, என்ன தெளிவு! கோட்டுப் பொத்தானின் நூல்கூடத் தெரிந்தது. முகம் மட்டும் மாவுப்பானையில் விழுந்து எழுந்த யாரோ ஒருவனுடையது. அம்மா நெடுநேரம் பார்த்தாள். "கோட்டு நல்லாருக்குட்டி. இது யாரு?" என்றாள்.

பர்மாவிலிருந்து அவன் வரவில்லை. தந்திதான் வந்தது.

அம்மா சீமைக் கேமராப் படத்தைப் பெட்டியில் போட்டுப் பூட்டினாள். அசனப் படத்தைச் சுவரில் மாட்டினாள். துக்கம் கேட்க வந்த மரப்பெட்டிக்காரரிடம் அதைக் காட்டி, "ஒங்களுக்குத்தான் வித்தை தெரியுமே. அவன செத்த திரும்பச் சொல்லுங்களேன்" என்றாள். அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். அதன்பிறகு விளக்கேற்றும்போதெல்லாம் அம்மா படத்திடமே கேட்பாள்: "ஏலே, செத்த திரும்புலே."

அம்மா போய்விட்டாள். மரப்பெட்டிக்காரர் போய்விட்டார். அசனப் படத்தைக் கரையான் தின்றுவிட்டது. பெட்டிக்குள் இருந்ததற்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. தம்பி மகன் நேற்று அதைப் புதுக் கேமராவில் எடுத்துப் பெரிதாக்கித் தந்தான். நூல் இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

அண்ணனின் நிஜமான முகம் எனக்குள்ளே பத்திரமாக இருக்கிறது என்றுதான் இத்தனை வருஷம் தைரியமாக இருந்தேன். இப்போதெல்லாம் கண்ணை மூடினால் பவுடர் பூசிய முகம்தான் வருகிறது.