உபகாரச் சம்பளமும் பெரியப்பாவின் கருமாதியும்

கொக்கிப் புழுவுக்கு மருந்து கொடுக்கும் நாளில் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பதில்லை. முதல் நாள் இரவே யாரும் சோறு தின்னக்கூடாது என்று தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். காலையில், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் ஆண்களும் பெண்களும் வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்பார்கள். டிஸ்பென்சர் ஒவ்வொருவர் வாயிலும் மருந்தை ஊற்றி, உடனே பெயரைச் சொல்லச் சொல்வார். மருந்தை வாயில் அடக்கி வைத்துக்கொண்டு ஓரமாய்ப் போய்த் துப்பிவிடாமல் இருக்க அது ஒரு வழி.

நான் விஞ்ஞானப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த ஆண்டுகளில், விடுமுறை நாட்களில் இலங்கை மலையகத்தில் நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குப் போய் அந்த டிஸ்பென்சருக்கு உதவியாக இருப்பேன். ஒருமுறை கர்ப்பிணிகளை மட்டும் வரிசையிலிருந்து விலக்கி நிறுத்தினார்கள். அவர்களுக்கு அந்த மருந்து ஆகாது. விலக்கப்பட்டவர்களில் ஒருத்தியின் நாக்கு சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தது. பாதங்கள் வீங்கியிருந்தன.

"எனக்கு மருந்து இல்லீங்களா ஐயா?" என்று அவள் டிஸ்பென்சரைக் கேட்டாள்.

"ஒனக்குப் புள்ள பொறந்தப்புறம் தர்றேன் தாயி."

"அப்ப இன்னைக்கி நான் மட்டும் சோறு தின்னுக்கலாம். நல்ல தொரைதான் நீங்க," என்றாள். சுற்றி நின்றவர்கள் பசியோடு சிரித்தார்கள்.

அந்தப் பிரசவத்தில் அவள் இறந்துபோனாள். உதிரம் கொஞ்சம்தான் போயிற்று என்றும், அந்தக் கொஞ்சத்தைத் தாங்கும் இரத்தம் அவள் உடம்பில் இல்லை என்றும் டிஸ்பென்சர் பிறகு எனக்குச் சொன்னார். புழுவுக்கு மருந்து இருந்தது. மருந்து குடித்தவர்கள் மீண்டும் அதே ஈர மண்ணில் வெறுங்காலோடு நடந்தார்கள். சில மாதங்களில் மீண்டும் வெளுத்தார்கள். எந்த மண்ணில், எந்த மாதத்தில், எவ்வளவு ஆழத்தில் அந்தப் புழு உயிரோடு இருக்கிறது, லயத்துக்கு எவ்வளவு தூரத்தில் மலக்கூடம் கட்டினால் பயன்படும் என்று கணக்கெடுத்துச் சொல்லத் தெரிந்த ஆள் எங்கள் மலைப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. அதைப் படிக்க வேண்டும் என்பதைத் தவிர அந்த வயதில் எனக்கு வேறு ஆசை இருந்ததாக நினைவில்லை.

சுகாதார விஞ்ஞானத்தில் மேற்படிப்புக்குக் கப்பலேறத்தான் வேண்டும். ஹட்டன் கடைவீதியில் புடவைக் கடை வைத்திருந்த என் அப்பாவால் என்னைப் பட்டம் வரை படிக்க வைக்க முடிந்தது. அதற்கு மேல் முடியாது. தேயிலை விலை விழுந்து, தோட்டங்கள் ஆட்களைக் குறைத்து, குடும்பம் குடும்பமாக மக்களை இந்தியாவுக்குத் திருப்பியனுப்பிய ஆண்டுகள் அவை. சீலை வாங்க ஆள் ஏது? வெளிநாட்டு அறநிலையம் ஒன்று இத்தகைய படிப்புக்கு உதவியது. ஆனால் ஏற்கெனவே அரசாங்க வைத்தியப் பகுதியில் இருப்பவர்களை மட்டுமே அது ஏற்றது. எங்கள் சாதிச் சனங்கள் இந்தியாவில் நடத்திய தர்ம நிதிக்கு எழுதிப் பார்த்தேன். இந்தியாவில் வசிக்கும் பிள்ளைகளுக்கே அந்த நிதி என்றும், கண்டிச்சீமையான இலங்கையில் இருக்கும் பிள்ளைகளுக்கு அங்குள்ள சர்க்காரே உதவ வேண்டும் என்றும் பதில் வந்தது. எஞ்சியது இலங்கை அரசாங்கம் படிப்புக்குத் தரும் உபகாரச் சம்பளம் ஒன்றுதான். அதற்கு வேண்டிய தகுதிப் புள்ளிகள் என்னிடம் இருந்தன. விதிகளில் ஒன்று மட்டும் இடித்தது. விண்ணப்பிப்பவர் இந்தத் தீவில் பிறந்தவராக இருக்க வேண்டும். இல்லையேல், அவருடைய தகப்பனார் இங்கே நிரந்தரமாகக் குடியேறியவர் என்று விசாரணையில் நிறுவ வேண்டும்.

நான் பிறந்தது இராமநாதபுரம் சீமையில், அம்மாவின் தாய்வீட்டில். கைக்குழந்தையாக ஹட்டனுக்கு வந்த பிறகு வளர்ந்தது, படித்தது, குளிரில் நடுங்கியது எல்லாம் இங்கேதான்.

அந்த விதியை அநியாயம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட எனக்கு அன்றும் மனம் வரவில்லை, இன்றும் வரவில்லை. ஒரு நாட்டின் வரிப்பணத்தில் படிப்பவன் திரும்பி வந்து அந்த நாட்டுக்கே உழைக்க வேண்டும் என்று கேட்பது நியாயம். படித்து முடித்ததும் வேறு கரைக்குப் போய்விடுவான் என்று தோன்றும் ஒருவனுக்காக, போகமாட்டான் என்று தெரிந்த ஒருவனை ஏன் கைவிட வேண்டும்? ஆனால் யார் போவான், யார் இருப்பான் என்பதை அந்த விதி எதை வைத்து அளந்தது என்பதுதான் எங்களைக் கவிழ்த்தது.

விசாரணை நுவரெலியாவில் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் நடந்தது. அப்பா சரிகைக் கரை வேட்டியும் கறுப்புக் கோட்டும் அணிந்து, நெற்றியில் திருநீறு துலங்க வந்தார். நானுஓயாவில் இறங்கிச் சிறிய ரயிலில் மாறி ஏறியதிலிருந்தே அவருக்கு உற்சாகம். எதிரில் இருந்தவரிடம், "மகனுக்குச் சர்க்கார் படிப்பு. தகப்பன் எப்படிப்பட்டவன்னு பாக்கணுமாம், கூப்புட்டிருக்காங்க," என்றார். அழைப்பின் பொருளை நான் இரண்டு தடவை விளக்கியிருந்தேன். அவர் தலையாட்டினார், மனத்தில் மட்டும் அதைத் தம் போக்கில் அர்த்தப்படுத்திக்கொண்டார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

விசாரித்த அதிகாரி மரியாதை தெரிந்த மனிதர். அப்பாவை உட்காரச் சொன்னார். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் பக்கத்தில் நின்றார்.

"உங்கட மூத்த மகன் எங்கை பிறந்தவர்?" என்று அவர் கேட்டார்.

"ஊர்லதாங்க," என்றார் அப்பா. "தலைப்பிரசவம் பொறந்த வீட்டுலதானே பாக்கணும்? ஏழாம் மாசமே வளைகாப்பு முடிச்சு, தொணைக்கு ஆள் போட்டுக் கப்பல்ல அனுப்பி வச்சேன். அந்தக் கொறைய நான் வைக்கலீங்க."

மொழிபெயர்ப்பாளர் சொன்ன ஆங்கிலம் அதைவிடச் சிறியதாக இருந்தது. அதிகாரி எழுதிக்கொண்டார்.

"பிறகு ஊருக்குப் போறனீங்களோ?"

"போகாம? மூணு வருசத்துக்கு ஒருக்கா குலதெய்வத்துக்குப் பொங்க வைக்கப் போயிருவோம். இவனுக்கு மொட்ட போட்டது, காது குத்துனது எல்லாம் அங்கதான். பொண்ணையும் அங்கதான் கட்டிக்குடுத்திருக்கேன். அண்ணன் வீடும் எங்க வீடும் ஒரே செவுருங்க. அண்டிப் பொழைக்க வந்து ஒட்டிக்கிட்டவங்க இல்லீங்க நாங்க."

மொழிபெயர்ப்பாளர் அப்பா பக்கம் குனிந்தார். "ஐயா, கேட்டதுக்கு மட்டும் சொன்னால் காணும்," என்றார் மெதுவாக.

"பரவாயில்லீங்க, எல்லாத்தையும் சொல்லிருங்க தொரைகிட்ட," என்றார் அப்பா.

எங்களைப் போன்ற குடும்பங்களில் ஒரு மனிதனின் கண்ணியம் இப்படித்தான் எண்ணப்பட்டது. கடல் தாண்டி வந்தும் முறை தவறாதவன், பிள்ளைக்குச் சொந்த மண்ணில் முடியிறக்கியவன், பெண்ணை இனத்துக்குள் கொடுத்தவன். இவை இல்லாதவனைப் பற்றித்தான் கடைவீதியில் தாழ்ந்த குரலில் பேசுவார்கள். மகனின் தகுதியை நிரூபிக்கக் கூப்பிட்ட இடத்தில், தம்மிடம் இருந்த நல்லதையெல்லாம் அப்பா ஒன்றுவிடாமல் எடுத்து வைத்தார். ஒவ்வொன்றையும் அதிகாரி நிதானமாக எழுதினார். நான் இடையில் பேச எழுந்தபோது, என்னிடம் கேள்வி இல்லை என்று சைகை செய்தார்.

வெளியே வந்தபின் மொழிபெயர்ப்பாளர் எங்கள் பின்னால் நடந்து வந்து, "மகனுக்குப் பொம்பிளை பேச வந்த மாதிரியெல்லோ கதைச்சனீங்கள்," என்றார். அப்பா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு சிரித்தார். "நல்ல எடமா இருந்தாச் சொல்லுங்க, பேசி முடிச்சிருவோம்," என்றுகூடச் சொன்னார்.

நானுஓயாவில் பெரிய ரயிலுக்குக் காத்திருந்தபோதுதான் அவர் சிரிப்பு நின்றது. என் முகத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் சொன்னது ஒனக்கு எதிரா போயிருச்சா தம்பி?"

"உண்மையைத்தானே சொன்னீங்கப்பா."

"உண்மைதான். பெருமைக்குல்ல சொன்னேன்," என்றார். பிறகு கோட்டைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் குளிரிலும் ஹட்டன் வரும்வரை அதைப் போடவில்லை.

முடிவு எதிர்பார்த்தபடி வந்தது. மறுபரிசீலனைக்கு ஒரு வழி இருந்தது. இத்தீவிலேயே நிலையாக வாழப்போவதாக அப்பா சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டும். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "வாழப்போறோம்னு எழுதறதும் ஊரு வேணாம்னு எழுதறதும் ஒண்ணுதாங்க," என்றாள். அப்பா போய்ச் சத்தியம் செய்துவிட்டு வந்தார். அன்று கடையைத் திறக்கவில்லை.

அந்த மனு கொழும்பில் இருந்தபோது தந்தி வந்தது. அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, காலமாகிவிட்டார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. சிறு வயதில் தகப்பனை இழந்த அப்பாவைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அவர்தான். கொள்ளி வைக்க அப்பாவால் போய்ச் சேர முடியாது. பங்காளி ஒருவர் வைத்திருப்பார். பதினாறாம் நாள் கருமாதிக்குப் போகலாம். தலைமன்னாரில் கப்பலேறினால் போதிய நாட்கள் இருந்தன. அம்மா அழுதுகொண்டே அவருடைய துணிகளை எடுத்து வைத்தாள்.

அப்பா அவற்றை மறுபடியும் பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்தார்.

"திரும்பி வர்றப்ப மண்டபம் கேம்புல பேரு பதிவாங்க," என்றார். "எங்கடா போனேன்னு கேட்டா என்ன சொல்றது? சத்தியம் பண்ணுன மை காயல."

"நீங்க போய்ட்டு வாங்கப்பா," என்றேன். "சாவுக்குப் போறதை யாரும் குத்தமா எடுக்க மாட்டாங்க. எடுத்தாலும் பரவாயில்லை."

"தலைப்பிரசவத்துக்குப் போனத எடுத்தாங்களே."

அம்மா, "கூடப் பொறந்தவுக ஆத்மா அலையும்ங்க," என்றாள். "இவன் படிச்சா பொழைக்கிற புள்ளைங்க இருக்காங்க," என்று அப்பா அவளிடம் சொன்னார். வெளுத்த நாக்கும் வீங்கிய காலுமாய்ச் செத்தவளைப் பற்றி ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் நான் சொன்னதை அவர் மறக்கவில்லை. நான் சொன்னபோது அவர் இலையிலிருந்து நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பதினாறாம் நாள் காலையில் ஹட்டனுக்கு வெளியே, தேயிலைச் சரிவுக்குக் கீழே ஓடும் ஓடை ஒன்றில் அப்பா தலை முழுகினார். பனி விலகவில்லை. கோயில் ஐயர் தர்ப்பையைக் கட்டிவிட்டார். தாய்வீட்டுப் பக்கம் ஆளில்லாத பெரியம்மாவுக்குக் கோடி போட வேண்டியது அப்பாவின் கடமை. கடையிலிருந்து எடுத்து வந்த வெள்ளைச் சீலையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. கரையில் விரித்து அதன் எதிரே கொஞ்சநேரம் நின்றார். பிறகு மடித்து என்னிடம் கொடுத்துத் தபாலில் அனுப்பச் சொன்னார்.

மனுவுக்குப் பதில் அதன்பின் வந்தது. சத்தியக் கடதாசி கவனத்தில் எடுக்கப்பட்டதாகவும், எனினும் முன்னைய விசாரணையில் தந்தையாரே தெரிவித்த குடும்ப வழக்கங்களை அது மாற்றுவதாகக் கொள்ள முடியவில்லை என்றும் எழுதியிருந்தார்கள். அந்த இடைக்காலத்தில் அவர் கடல் கடந்தாரா இல்லையா என்று யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. அவர் போயிருக்கலாம். போயிருந்தாலும் பதில் இதுவாகவே இருந்திருக்கும். நான் அதை அவருக்குத் தமிழில் சொன்னபோது, கடைசி வரியை மட்டும் மீண்டும் சொல்லச் சொன்னார்.

அந்த உபகாரச் சம்பளம் பெற்றுச் சென்றவர் திறமைசாலி. திரும்பி வந்து நல்ல பணி செய்தார் என்றே கேள்விப்பட்டேன். அவர் பணி கொழும்பிலேயே அமைந்துவிட்டது. அது அவர் தவறல்ல. நான் ஹட்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கப் போனேன். நோட்டன் பிரிட்ஜ் பக்கத்தில் மருந்து கொடுக்கும் நாட்கள் முன்போலவே வந்தன, போயின.

ஆண்டுத் திவசத்துக்கு அப்பா ஊருக்குப் போனார். இனிமேல் தடுக்க எதுவும் இல்லை. என்னையும் அழைத்துப் போனார். பெரியம்மா அவரைக் கண்டதும் உள்ளே எழுந்துபோனாள். தபாலில் வந்த சீலையை அவள் உடுத்தவேயில்லை என்று என் தங்கை சொன்னாள். பந்தியில் உட்காரும் நேரம் வந்தபோது பங்காளி ஒருவர் வாசல் பக்கம் திரும்பி, "கண்டிக்காரவுகளுக்கு ஒரு எலை போடுங்கப்பா," என்றார். அதில் பகை இல்லை. விருந்தாளிக்குச் சொல்லும் குரல் அது. அப்பா இலையின் முன் உட்கார்ந்து நீர் தெளித்தார். ஒரு வாய்கூட எடுத்து வைக்காமல், பந்தி எழும்வரை குனிந்தபடியே இருந்தார்.