இடது பக்கம் இருப்பதை அழுத்துங்கள்

நூலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த பிறகு என் குரலே மாறிவிட்டது என்று வீட்டில் சொல்வார்கள். நான் மறுத்ததில்லை. அதற்கு முன்னால் எட்டு வருடம் புத்தகம் எடுத்துக் கொடுத்து, திரும்பி வந்ததை அடுக்கி வைத்து, யாரையும் அதட்டாமல்தான் இருந்தேன். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஒருநாள், புதுப்பட்டினத்தில் இருந்த எங்கள் சின்ன நூலகத்தில் இரண்டு கம்ப்யூட்டர்களை இறக்கிவிட்டுப் போனார்கள். பொதுமக்களுக்கு இணையத்தின் அடிப்படைகளைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கையும் கூடவே வந்தது. சொல்லிக்கொடுக்க அங்கே என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

எனக்குச் சொல்லிக்கொடுத்த லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். செங்கல்பட்டில் அரை நாள் பயிற்சி. நாங்கள் போன நேரம் கரண்ட் இல்லை. கரும்பலகையில் மவுஸ் படம் வரைந்து, இது இடது பொத்தான், இது வலது பொத்தான் என்று காட்டினார்கள். டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். கடைசியில் சான்றிதழ் கொடுத்தார்கள். திரும்பும் பஸ்ஸில் அந்தச் சான்றிதழைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பு போட்டுக்கொண்டு வரக்கூடாது. வேலை முடிந்ததும் இரண்டுக்கும் துணி உறை மாட்ட வேண்டும். ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமத்தைக் கூட யாரும் துடைக்கக் கூடாது. இதெல்லாம் பரவாயில்லை. இணையம் வந்தது நூலகத்தின் ஒரே போன் லைனில். நெட் ஓடும் நேரமெல்லாம் போன் எங்கேஜ்டு. நெட் வேலை செய்கிறதா என்று கேட்பதற்காகவே மேலதிகாரி போன் செய்வார். கிடைக்காது. ஒருநாள் எனக்கு மெமோ வந்தது, அலுவலக நேரத்தில் ஓயாமல் யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று. ஒரு முழுப் பக்கம் விளக்கம் எழுதி அனுப்பினேன். இனி போனுக்கு இடைஞ்சல் இல்லாமல் இணையத்தைப் பயன்படுத்தவும் என்று பதில் வந்தது. இவர்களிடம் என்னத்தைச் சொல்வது?

வந்து உட்கார்ந்தவர்கள் இன்னொரு ரகம். ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் தினமும் காலையில் வந்து இரண்டாவது கம்ப்யூட்டரைப் பிடித்துக்கொள்வார். அதில் செய்தித்தாள் படிப்பார். அதே செய்தித்தாள் வெளியே மேஜை மேல் மடிப்புக் கலையாமல் கிடக்கும். எதை அழுத்தினாலும் இரண்டு தடவை அழுத்துவார். உடனே திறக்கவில்லை என்றால் பத்து தடவை அழுத்துவார். இருபது ஜன்னல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் திறந்து அது அப்படியே நின்றுவிடும். "மேடம், ஸ்டக் ஆயிடுச்சு." நான் இருந்த இடத்திலிருந்தே பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வேன்: "எத்தனை தடவை சொல்றது? சொன்னா புரியாதா?" அவர் காதில் விழாது. "எல்லாம் என் தலையெழுத்து" என்று எழுந்து போவேன். ஒரு நாளைக்கு நாலைந்து முறையாவது இது நடக்கும்.

வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஆங்கிலம் படிக்க வராது. ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொடுக்க எனக்குப் பொறுமை கிடையாது. அதனால் இடத்தை வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். மேலே முதல் கட்டம், அப்புறம் இரண்டாவது பொத்தான், இப்படி. நடுநடுவே அந்த மிஷின் ஏதாவது கேள்வி கேட்கும், உடனே என்னைக் கூப்பிடுவார்கள். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். "என்ன கேட்டாலும் இடது பக்கம் இருக்கறத அழுத்துங்க." அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டியும் வைத்தேன். என்னைக் கூப்பிடுவது பாதியாகக் குறைந்தது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

புதன்கிழமைகளில் பதினோரு மணிக்கு ஓர் அக்கா வருவார். குப்பத்துக்காரர். அரசு ஊழியர் குவார்ட்டர்ஸ் பக்கத்து மார்க்கெட்டில் மீன் விற்று முடித்துவிட்டு, எங்கள் குழாயில் கை முகம் கழுவி, முந்தானையால் துடைத்துக்கொண்டு உள்ளே வருவார். இடுப்புச் சுருக்குப்பையில் ஒரு துண்டுச்சீட்டு இருக்கும். அதில் அவருடைய இமெயில் முகவரியும் பாஸ்வேர்டும் மகள் கையெழுத்தில் இருக்கும்.

அந்த மகள் எங்கள் நூலக உறுப்பினர். வேறு சாதிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு புனே போய்விட்டாள். போவதற்கு முந்தின வாரம் எங்கள் கம்ப்யூட்டரில்தான் அம்மாவுக்கு இந்த முகவரியை உண்டாக்கியிருக்கிறாள். வீட்டுக்குத் தபால் போட முடியாது. அவள் செத்துவிட்டாள் என்று அப்பா ஊர் நடுவில் சொல்லிவிட்டார். போன் செய்யவும் வழியில்லை. அந்த அம்மாவுக்கு மகள் இருந்த ஒரே இடம் எங்கள் முதல் கம்ப்யூட்டர்தான்.

மகள் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவாள். நான்தான் படித்துக் காட்ட வேண்டும். நூலகத்தில் சத்தம் கூடாது என்பதால் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், கிசுகிசுவென்று, ஒரே மூச்சில் படிப்பேன். நடுவில் பெரியவரின் கம்ப்யூட்டர் நிற்கும். கண் திரையில் இருக்கும்போதே அவரை ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அடுத்த வரிக்குப் போவேன். வரிசையில் இன்னும் மூன்று பேர் நிற்பார்கள். ஒருவருக்கு அரை மணி நேரம்தான் என்பது விதி.

முடித்ததும் அக்கா தவறாமல் ஒன்று கேட்பார்.

"கோவமா எழுதிகீறாளா?"

"நல்லாத்தான்க்கா எழுதியிருக்கா."

"அவங்கப்பன் அவ துணிமணிய தூக்கித் தெருவுல கடாசினப்போ நான் வாயத் தொறக்காம நின்னுகினு இருந்தேம்மா. அத்த அவ மறந்திருப்பாளா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. பதில் என்ன எழுதணும், சீக்கிரம் சொல்லுங்க."

தலைக்கு எண்ணெய் வைக்கிறாளா, வயிறு காயாமல் சாப்பிடுகிறாளா என்று சொல்வார். அடித்து அனுப்புவேன். அடுத்த புதன்கிழமை மறுபடியும் அதே கேள்வி. நாலு மாதத்தில் எனக்கு அலுத்துவிட்டது. நீங்களே திறக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்று நச்சரித்து, பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாகச் சீட்டோடு ஒப்பிட்டு ஒற்றை விரலால் அடிக்கப் பழக்கினேன். மேலே முதல் கட்டம், அப்புறம் இரண்டாவது பொத்தான், கடிதம் விரியும். கேள்வி கேட்டால் இடது பக்கம். அக்கா அச்சாகப் பிடித்துக்கொண்டார். படிக்க வராவிட்டாலும் சும்மா வந்து பழைய கடிதங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார். புதிதாக வந்ததை மட்டும் நான் படித்துக் காட்டுவேன்; இப்படியே இரண்டு வருடத்துக் கடிதங்கள் சேர்ந்துவிட்டன. வேறு யாராவது காத்திருந்தால் நான் கடிகாரத்தைக் காட்டுவேன்.

மாமல்லபுரத்தில் என் நாத்தனார் மகள் கல்யாணம் வந்தது. இரண்டு நாள் லீவு போட்டேன், அதில் ஒன்று புதன்கிழமை. வாட்ச்மேன் இணைப்பைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். நான் வியாழக்கிழமை வந்தபோது அக்கா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். மீன் கூடை கூட இல்லை. வியாபாரத்துக்கே போகவில்லை.

"உள்ள ஒண்ணுமே இல்லம்மா. தொடச்சி வுட்டா மாரி கீது."

எனக்குச் சுர்ரென்று வந்தது. "எதையாவது கண்டபடி அழுத்தினீங்களா?"

"நீ சொன்னத்தத்தான் அழுத்தினேன். மொத கட்டம். அப்பால ரெண்டாவது பொத்தானு. இன்னாமோ கேட்டுச்சு, எடது பக்கம் அழுத்தினேன். மறுபடியும் கேட்டுச்சு. மறுபடியும் எடது பக்கம்."

உள்ளே போய்த் திறந்து பார்த்தேன். அந்த மெயில்காரர்கள் பக்கத்தையே மாற்றியிருந்தார்கள். புதிய நிறம், புதிய வரிசை. யாரைக் கேட்டு மாற்றினார்கள்? முதல் கட்டத்தில் டிக் போட்டால் இப்போது எல்லாக் கடிதங்களும் தேர்வாகிவிடும். இரண்டாவது பொத்தான் அழிப்பதற்கானது. அழிக்கவா என்று கேட்டிருக்கிறது. சரி என்பது இடது பக்கம். நிரந்தரமாகவா என்று கேட்டிருக்கிறது. அதற்கும் சரி என்பது இடது பக்கம்தான். சுவரில் என் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துக் கிழித்துப் போட்டேன். அதனால் என்ன வரப்போகிறது?

மகளுக்கு எழுதினேன், அனுப்பிய கடிதங்களின் நகல் இருந்தால் அனுப்பு என்று. இரண்டு நாளில் பதில் வந்தது. பிரவுசிங் சென்டரில் அவசரமாக அடிப்பதால் நகல் வைத்துக்கொள்ள டிக் போட்டதே இல்லையாம்.

அடுத்த புதன்கிழமை அதை அக்காவிடம் சொன்னேன். என்னால் நிமிர்ந்து முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் அழவில்லை, திட்டவும் இல்லை. பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நீதான எல்லாத்தயும் படிச்ச. சொல்லு, திருப்பி அடிச்சி வெச்சிக்கலாம்."

யோசித்தேன். அத்தனை கடிதங்களையும் நான்தான் படித்தேன். ஒரு வரி கூட நினைவில் இல்லை. வரிசையில் நின்றவர்கள் நினைவிருக்கிறது, பெரியவரின் இருபது ஜன்னல்கள் நினைவிருக்கின்றன, கடிகாரம் நினைவிருக்கிறது.

"ஞாபகம் இல்லியா?" என்றார். "செரி வுடு. நான் சொல்றேன், நீ அடி."

சொல்ல ஆரம்பித்தார். முதல் கடிதத்திலிருந்து. மகள் எழுதியபடியே, நான் படித்த அதே கிசுகிசுப்பில். வரிசையில் நின்ற இரண்டு பேரை மத்தியானம் வரச் சொல்லி அனுப்பிவிட்டேன். மூன்றாவது கடிதம் வந்தது.

"அம்மா, இங்க மழ நிக்கவே இல்ல. துணி காயவே மாட்டேங்குது. நேத்து நெத்திலி வாங்கினேன், கழுவக் கழுவ மண்ணு. உன் கொழம்பு ஞாபகம் வந்துச்சு. எத்தன தடவ சொல்றது? சொன்னா புரியாதா? எல்லாம் என் தலையெழுத்து. உடம்ப பாத்துக்கோம்மா."

என் விரல்கள் நின்றுவிட்டன. நடுவில் இருந்த அந்த மூன்று வரியையும் விட்டுவிட்டு அடித்தேன். அடித்ததைப் படித்துக் காட்டினேன்.

"நடுவுல வுட்டுட்ட."

"எது?"

"தலையெழுத்துன்னு எழுதினாளே, அது. எல்லாத்துலயும் எழுதுவா. எங்கியாவது நடுவுல ஒரு எடத்துல சுருக்குன்னு குத்திட்டுத்தான் மேல போவா. நீ என் மனசு நோவக் கூடாதுன்னு நல்லாத்தான் எழுதியிருக்கான்னு சொல்லிகினே இருந்த. எனக்குத் தெரியாதா? நான் பண்ணதுக்கு அவ கேக்கத்தான் செய்வா. அதயும் அடி."

பக்கத்துக் கம்ப்யூட்டரில் பெரியவர் எதையோ டக்டக்கென்று அழுத்திக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பேசாமல் அந்த வரியை அடித்துவிட்டுப் போய்விடலாமா என்று கூட ஒரு நிமிடம் நினைத்தேன்.

"அக்கா, அது உங்க பொண்ணு எழுதினது இல்ல. அவரைத் திட்டினேன். நான் சொன்னது அது."

அக்கா பெரியவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எல்லா லெட்டர்லயுமா?"

"எல்லா லெட்டர்லயும்."

சுருக்குப்பையிலிருந்து சீட்டை எடுத்து, பிரித்து, மறுபடியும் மடித்தார்.

"அப்போ ரெண்டு வருசமா அவளுக்கு எம்மேல கோவமே இல்லியா?"

அந்தக் கேள்வியையே மகளுக்கு எழுதச் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே அடித்து, ஒரு முறை படித்துக் காட்டிவிட்டு அனுப்பினேன். பெரியவர் "மேடம், ஸ்டக் ஆயிடுச்சு" என்றார். வாயைத் திறக்காமல் எழுந்து போனேன்.